குகைக்குள் காணாமல் போன 25 நாட்கள்

இன்னைக்குக் கதையை ஒரு குகைக்குள்ள இருந்து ஆரம்பிக்கலாம்.

1962 செப்டம்பர் 14. பிரான்சும் இத்தாலியும் சந்திக்கிற ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஸ்கரசோன் என்று ஒரு ஆழமான குகை. தரையிலிருந்து சுமார் 130 மீட்டர் கீழே, பனிக்கட்டி மேல ஒரு கூடாரம். அதுக்குள்ள 23 வயசு இளைஞர் ஒருத்தர் ரெண்டு மாசமா தனியா இருக்கார். பெயர் மிஷெல் சிஃப்ர். வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு உண்டு, ஆனா சூரியன் கிடையாது. கைக்கடிகாரம் கிடையாது, காலண்டர் கிடையாது. அன்னைக்கு மேலே இருக்கிற நண்பர்கள் அவருக்குத் தகவல் சொல்றாங்க: பரிசோதனை முடிஞ்சது, வெளியே வரலாம்.

அவருக்கு ஒண்ணுமே புரியல. தூங்கி எழுந்ததை வெச்சு அவர் தானே நாளைக் குறிச்சுக்கிட்டு வந்திருக்கார். அந்தக் கணக்குப்படி அன்னைக்கு தேதி ஆகஸ்ட் 20. இன்னும் கிட்டத்தட்ட ஒரு மாசம் பாக்கி இருக்கே!

ஆக, அவர் வாழ்க்கையிலிருந்து 25 நாட்கள் காணாமல் போயிருந்தன. தூக்கத்தில் போகவில்லை, மயக்கத்தில் போகவில்லை. முழிச்சிருந்து, சமைச்சு, சாப்பிட்டு, டைரி எழுதி, அவரே வாழ்ந்த நாட்கள்தான் அவை. ஆனா கணக்கில் இல்லை.

அந்த 25 நாட்கள் எங்கே போச்சு? இந்த எபிசோட்ல அதைத்தான் தேடப் போறோம்.

தேடுறதுக்கு முன்னாடி நம்ம மொழியில இருக்கிற ஒரு சொல்லைக் கொஞ்சம் கவனிக்கலாம். "பொழுதுபோக்கு." என்டர்டெயின்மென்ட்டுக்கு நாம சொல்ற வார்த்தை. பிரிச்சுப் பார்த்தா, பொழுதைப் போக வைக்கிறது. போரடிச்சா "பொழுதே போகல" என்கிறோம். நல்ல சினிமா பார்த்தா "நேரம் போனதே தெரியல" என்கிறோம். அதாவது, சந்தோஷமா இருந்தா நேரம் ஓடும், சும்மா இருந்தா நேரம் நகராது. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு.

இப்போ சிஃப்ர் விஷயத்துக்கு வாங்க. ஈரமான குளிர், இருட்டு, தனிமை. நம்ம கணக்குப்படி அவருக்கு நேரம் நகர்ந்திருக்கவே கூடாது. ரெண்டு மாசம் ஆறு மாசம் மாதிரி தெரிஞ்சிருக்கணும். ஆனா அவருக்கு அது ஒரு மாசத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் தெரிஞ்சுது. ஏன் தலைகீழா நடந்துச்சு?

பதிலுக்கு முதல்ல 1796-க்குப் போகணும். லண்டன் பக்கத்தில் இருக்கிற கிரீனிச் வானியல் ஆய்வுக்கூடம்.

ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தால் போன வேலை

அந்தக் காலத்தில் கடிகாரம் சரியா ஓடுதான்னு எப்படிப் பார்ப்பாங்க? நட்சத்திரத்தை வெச்சுத்தான். தொலைநோக்கிக்குள்ள மெல்லிய கம்பிகள் இருக்கும். ஒரு நட்சத்திரம் நகர்ந்து வந்து அந்தக் கம்பியைக் கடக்கிற நொடியைக் குறிக்கணும். கண் நட்சத்திரத்தைப் பார்க்கும், காது பக்கத்தில் இருக்கிற கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தை எண்ணும். ரெண்டு டிக்குக்கு நடுவில் கம்பியை எப்போ கடந்ததுன்னு, விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் மனசாலேயே கணிக்கணும்.

கிரீனிச்சின் தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கிலின். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னபுரூக். 1795 ஆகஸ்டில் ஒரு வித்தியாசத்தை மாஸ்கிலின் கவனிக்கிறார். ஒரே நட்சத்திரத்துக்கு உதவியாளர் குறிக்கிற நேரம், தான் குறிக்கிறதைவிட அரை விநாடி தாமதமா இருக்கு. சொல்லிப் பார்க்கிறார். சரியாகவில்லை. 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 விநாடி ஆகிவிட்டது.

0.8 விநாடி ஒரு விஷயமான்னு தோணலாம். பூமி நிலநடுக்கோட்டில் ஒரு விநாடிக்கு சுமார் 460 மீட்டர் சுழல்கிறது. கப்பல்கள் நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திய அட்டவணைகளுக்கு கிரீனிச் அளவீடுகள்தான் அடிப்படை. அதனால் அங்கே பிழைக்கு இடம் கிடையாது. கின்னபுரூக்கின் வேலை போச்சு. சில வருஷங்களில், 1802-ல், அவர் இறந்தும் போனார்.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா இருபது வருஷம் கழிச்சு, பிரெட்ரிக் பெசெல் என்ற ஜெர்மன் வானியலாளர் இந்தச் சம்பவத்தைப் படிக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம். அந்தப் பையன் மட்டும்தான் தப்பா? அவர் தன்னையும் மற்ற தேர்ந்த வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. சிலருக்கு இடையே ஒரு விநாடிக்கு மேலேயே வித்தியாசம். அதுவும் ஏனோதானோன்னு இல்லை, ஆளுக்கு ஆள் ஒரு நிலையான வித்தியாசம். இதுக்கு "பர்சனல் ஈக்வேஷன்" என்றே பெயர் வந்தது.

அப்போ கின்னபுரூக் சோம்பேறி இல்லை, கவனமில்லாதவரும் இல்லை. ஒரே நொடியை ரெண்டு மனுஷங்க ரெண்டு விதமா உணர்றாங்க, அவ்வளவுதான். அது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போச்சு.

1861-ல் வில்ஹெல்ம் வுண்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர் இதை எடுத்துக்கிட்டார். பின்னாளில், 1879-ல், லைப்சிக் நகரத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினவர் இவர்தான். ஒரு ஊசல் ஆடும், குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மணி அடிக்கும். மணி அடிச்சப்போ ஊசல் எங்கே இருந்தது? அவரால் சரியாச் சொல்லவே முடியல. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நொடியில் முழுக் கவனத்தையும் பிரிச்சுக் கொடுக்க மனசால முடியாதுங்கிற முடிவுக்கு வந்தார். கவனம் எது மேல முதலில் இருக்கோ, அது முதலில் நடந்த மாதிரித் தெரியும்.

நமக்கு முதல் தடயம் இங்கே கிடைக்குது. மனசுக்குள்ள ஓடுற நேரம் கவனத்தைப் பொறுத்தது.

ரெண்டு கடிகாரம்

ரெண்டாவது தடயம் அமெரிக்காவில். 1890-ல் ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், உளவியல் பற்றி ரெண்டு பெரிய தொகுதிகள் வெளியிடுகிறார். அதில் ஒரு முழு அத்தியாயம், நாம காலத்தை எப்படி உணர்கிறோம் என்பதைப் பற்றி. அவர் கவனிச்ச விஷயம் ரொம்ப எளிமையானது. ஆனா ஒரு தடவை கேட்டா மறக்க மாட்டீங்க.

மனசுக்குள்ள நேரத்தைப் பார்க்க ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, நேரம் போய்க்கிட்டு இருக்கும்போது. இன்னொண்ணு, போன பிறகு திரும்பிப் பார்க்கும்போது. இந்த ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கும்.

நண்பர்களோட மூணு நாள் ஊட்டிக்குப் போறீங்க. போகும்போது சர்ருன்னு போயிடும். "அதுக்குள்ள ஞாயித்துக்கிழமையா?" ஆனா திங்கட்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்து யோசிச்சா, கிளம்பி ஒரு வாரம் ஆன மாதிரி இருக்கும். மாறா, ஏதாவது ஒரு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிட்டு மூணு மணி நேரம் உட்கார்றீங்க. உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு நிமிஷமும் இழுக்கும். ஒரு மாசம் கழிச்சு நினைச்சா அந்த மூணு மணி நேரமும் "ஆமா, ஒருநாள் வெயிட் பண்ணேன்" என்று ஒரே வரியா சுருங்கிடும்.

புதுசும் சுவாரசியமும் நிறைஞ்ச நேரம், போகும்போது குட்டை, நினைச்சா நீளம். வெறுமையான நேரம், போகும்போது நீளம், நினைச்சா குட்டை. வயசு ஏற ஏற வருஷங்கள் வேகமா ஓடுற மாதிரி தெரியறதுக்கும் ஜேம்ஸ் இதையே காரணமாச் சொன்னார். சின்ன வயசில் எல்லாமே புதுசு. அப்புறம் எல்லாம் பழகிப் போயிடுது. பழகினதை மனசு தனியா எடுத்து வைக்கிறதில்லை.

காய்ச்சலும் குளிரும்

இருபதாம் நூற்றாண்டில் சிலர் வேற வழியில் தேடினாங்க. மனசை விடுங்க, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்குமா? 1930-களில் ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியலாளரின் மனைவிக்குக் கடும் காய்ச்சல். அவர் மருந்து வாங்க வெளியே போய்ச் சீக்கிரமே திரும்பி வர்றார். மனைவி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கோபப்படுகிறார். வேற யாராவது இருந்தா சமாதானம் சொல்லியிருப்பாங்க. இவர் ஸ்டாப்வாட்ச் எடுத்தார். விநாடிக்கு ஒண்ணா 60 வரை எண்ணச் சொன்னார். காய்ச்சல் ஏற ஏற அவங்க எண்ணுற வேகமும் ஏறியது. உடம்பு சூடானா உள்ளே இருக்கிற கடிகாரம் வேகமா ஓடுது, அதனால் வெளியுலக நேரம் மெதுவாத் தெரியுதுன்னு அவர் முடிவு செய்தார்.

இப்போ குகைக்குத் திரும்பலாம். சிஃப்ர் 1962 ஜூலை 16 அன்று உள்ளே போனார். மேலே இருக்கிறவங்களுக்கு அவர் போன் பண்ணலாம், அவங்க இவருக்குப் பண்ணக் கூடாது. தூங்கி எழும்போது, சாப்பிடும்போது, படுக்கப் போகும்போது போன் பண்ணித் தகவல் சொல்லணும். கூடவே ஒரு சோதனை: விநாடிக்கு ஒண்ணா 1 முதல் 120 வரை எண்ணணும். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு தடவை அவர் எண்ணி முடிச்சப்போ மேலே கடிகாரத்தில் அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தது!

ஹோக்லண்ட் கணக்குப்படி பார்த்தா, குளிர் ஒரு காரணமா இருக்கலாம். சிஃப்ரின் உடல் வெப்பம் 34 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கியிருக்கு. ஆனா அந்த போன் பதிவுகளிலிருந்து இன்னொரு ஆச்சரியமும் வந்தது. அவர் தூங்கி எழும் சுழற்சி சராசரியா 24 மணி 30 நிமிஷம். அதாவது, சூரியனே இல்லாம, அவர் உடம்பு நாட்களைக் கிட்டத்தட்ட சரியா எண்ணியிருக்கு. உடம்பு தப்புப் பண்ணல. தப்புப் பண்ணினது மனசு.

ஏன்? சிஃப்ர் பின்னாளில் கொடுத்த விளக்கம் நினைவைப் பற்றியது. குகைக்குள்ள நேத்து என்ன பண்ணோம், முந்தாநாள் என்ன பண்ணோம்னு பிரிக்கவே முடியல. அதே விளக்கு, அதே கூடாரம், அதே சாப்பாடு. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நீளமான நாள். எண்ணுறதுக்கு அடையாளம் இல்லாதப்போ மனசு குறைவாகத்தான் எண்ணும். ஜேம்ஸ் 1890-ல் எழுதினதுதான் இது. ஆனா இந்த அளவுக்கு, ஒரு மனுஷன் மேல, தேதி போட்டு நிரூபணமானது 1962-ல்.

பத்து வருஷம் கழிச்சு அவர் மறுபடியும் போனார். 1972-ல், டெக்சாஸில் மிட்நைட் கேவ் என்ற குகையில், நாசா ஆதரவோடு, 205 நாட்கள். இந்த முறை அவர் உடம்பே சில சமயம் 48 மணி நேரத்தை ஒரு நாளா எடுத்துக்கிச்சு. எது நீளமான நாள், எது சாதாரண நாள் என்று அவருக்கு வித்தியாசமே தெரியல. கொண்டு போன ரெக்கார்ட் பிளேயர் கெட்டுப் போச்சு. புத்தகங்கள் பூஞ்சை பிடிச்சுது. துணைக்கு ஒரு எலி கிடைக்குமான்னு பார்த்தார். ஜாம் வெச்சு, ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்கப் போய், அது பாத்திர விளிம்பில் நசுங்கிச் செத்துப் போச்சு. அந்தச் சின்ன எலிக்காக அவர் உடைஞ்சு போனார். நாள்னு சொல்லிக்க ஏதாவது ஒண்ணு நடக்கணுமேன்னு மனசு எவ்வளவு ஏங்கும் என்பதுக்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம்.

சீட்டுக்கட்டும் கேக்கும்

இதை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே சோதிச்சுப் பார்க்க முடியுமா? முடியும். 1976-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. கையில் சீட்டுக்கட்டைக் கொடுத்துடுவாங்க. சிலருக்கு சீட்டை ஒரே குவியலா அடுக்குற வேலை. சிலருக்கு சிவப்பு, கறுப்புன்னு பிரிக்கிற வேலை. சிலருக்கு ஸ்பேட், ஹார்ட் என்று நாலா பிரிக்கிற வேலை. "எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்போம்" என்று முன்னாடியே சொன்னவங்களிடம், வேலை கடினமாக ஆக நேரம் குறைவாத் தெரிஞ்சுது. கவனம் சீட்டில் இருந்தா கடிகாரத்துக்கு மிச்சம் இல்லை. ஆனா முன்னாடி சொல்லாம, முடிஞ்ச பிறகு திடீர்னு கேட்டவங்களிடம் இந்த வித்தியாசம் வரல. போகிற நேரத்துக்கு ஒரு கணக்கு, போன நேரத்துக்கு வேற கணக்கு. ஜேம்ஸின் ரெண்டு கடிகாரம்.

சந்தோஷம்? அலபாமா பல்கலைக்கழகத்தில் 2012-ல் வெளியான ஆய்வு ஒண்ணு. பூக்களின் படங்களைக் காட்டினாங்க, இனிப்புப் பண்டங்களின் படங்களைக் காட்டினாங்க. ரெண்டும் பார்க்க இனிமைதான். ஆனா இனிப்புப் படம்தான் சீக்கிரம் போன மாதிரித் தெரிஞ்சுது. அதுவும் அப்போதான் சாப்பிட்டு வந்தவங்களுக்கு அவ்வளவு வேகமாத் தெரியல. அதாவது, நேரத்தை ஓட வைக்கிறது வெறும் சந்தோஷம் இல்லை. "அது வேணும்" என்று மனசு எதை நோக்கிப் பாய்கிறதோ, அந்தப் பாய்ச்சல்.

கடைசியா ஒண்ணு. விபத்து நடக்கும்போது எல்லாம் ஸ்லோ மோஷனில் நடந்த மாதிரி இருந்ததுன்னு சொல்வாங்க இல்லையா? 2007-ல் டேவிட் ஈகிள்மேன் குழு அதையும் சோதிச்சது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் இல்லாமல், கீழே வலையில் விழ வெச்சாங்க. கையில் எண்கள் வேகமா மாறி மாறி மின்னுற ஒரு கருவி. நேரம் நிஜமாவே மெதுவானா, அந்த எண்களைத் தெளிவாப் படிக்க முடியணும். யாராலும் படிக்க முடியல. ஆனா விழுந்த பிறகு கேட்டப்போ, அடுத்தவங்க விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்தது சராசரியா 36% அதிக நேரம் எடுத்ததாச் சொன்னாங்க. நேரம் நீளல. நினைவு நீண்டது. பயத்தில் மனசு ஒவ்வொரு துளியையும் எடுத்து வெச்சிருக்கு.

மூணாவது வகை நேரம்

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பிச்சுது. முதல்ல 21 நாள் என்றாங்க. ஒவ்வொரு நாளும் எப்படி இழுத்தது! சாயங்காலம் வரவே வராது. ஆனா இன்னைக்கு யாராவது 2020-ஐப் பற்றிக் கேட்டா, பலருக்கு அந்த வருஷமே ஒரு கை அளவுதான் இருக்கு. நாமளும் ஒரு குகைக்குள்ள இருந்தோம். வீட்டில் வைஃபை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜேம்ஸ் சொன்னது ரெண்டு வகை நேரம். நல்ல பொழுது, போகும்போது குட்டை, நினைவில் நீளம். வெறும் பொழுது, போகும்போது நீளம், நினைவில் குட்டை. எதிலுமே முழு நஷ்டம் இல்லை.

நம்ம தலைமுறைக்கு மூணாவது ஒண்ணு வந்திருக்கு. 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், இன்ஃபினிட் ஸ்க்ரோலை உருவாக்கினார். அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் முடிஞ்சா "அடுத்த பக்கம்" என்று அழுத்தணும். அந்த ஒரு நொடியில், "போதும், தூங்கலாம்" என்று தோணும். இப்போ அந்த நொடியே இல்லை. அதுக்காக அவரே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கார்.

ராத்திரி பத்து மணிக்கு போனை எடுக்குறோம். கவனம் முழுக்க அதில். "அடுத்தது, அடுத்தது" என்று மனசு பாய்ஞ்சுக்கிட்டே இருக்கு. அந்த இனிப்புப் படம் மாதிரி. ஆனா வயிறு நிறையறதே இல்லை. அதனால் நேரம் போனதே தெரியல. மணி பன்னிரண்டரை. சரி, பார்த்ததில் மூணு வீடியோ சொல்லுங்க? சொல்ல வராது. எல்லாம் ஒரே விரலசைவு, ஒரே வெளிச்சம், ஒரே படுக்கை. ஒரே நீளமான நாள். போகும்போதும் குட்டை, நினைச்சாலும் குட்டை. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

போனைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்ல வரல. இந்த எபிசோடை நீங்க போன்லதான் கேக்குறீங்க! ஆனா நாம இதுவரைக்கும் கேட்டுக்கிட்ட கேள்வி தப்போன்னு தோணுது. "நேரம் எப்படிப் போச்சு?" என்றுதான் கேக்குறோம். அதோட "என்ன மிச்சம் இருக்கு?" என்றும் கேக்கணும். வேற வழியா நடந்து வீட்டுக்குப் போனது, அம்மாகிட்ட புதுசா ஒரு குழம்பு கத்துக்கிட்டது, பேசி ஒரு வருஷம் ஆன நண்பனைக் கூப்பிட்டது: இவை பெரிய சாகசம் இல்லை. ஆனா ஒரு வாரத்துக்கு இப்படி ரெண்டு அடையாளம் இருந்தா, அந்த வாரம் கணக்கில் நிக்கும்.

மிஷெல் சிஃப்ர் 2024-ல், தன் 85-வது வயதில் காலமானார். காலண்டரில் அந்த 25 நாட்களும் அப்படியே இருந்தன. அவருக்குத்தான் அவை கிடைக்கவே இல்லை.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. மணி பார்க்காம சொல்லுங்க, இந்த எபிசோட் ஆரம்பிச்சு எத்தனை நிமிஷம் ஆச்சு? ஆரம்பத்திலேயே இதைக் கேப்பேன்னு சொல்லியிருந்தா வேற பதில் சொல்லியிருப்பீங்க. ஏன்னு உங்களுக்கு இப்போ தெரியும்.